தண்ணீருக்குள் படம் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்?

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறைக்கு நம் குடியிருப்பிலிருந்து சில குடும்பங்கள் ராமேஸ்வரம், புதுச்சேரி, அந்தமான் என்று கிளம்புகின்றன. தண்ணீருக்குள் படம் எடுக்க என்ன கேமரா வாங்கலாம், எவ்வளவு செலவாகும் என்று வாட்ஸ்அப் குழுவில் பலர் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே கூட்டத்தில் பேசிவிடுங்கள் என்று செயலாளர் சொன்னார். இருபது நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். கடைசியில் சங்கத்துக்கு ஒரு யோசனையும் வைத்திருக்கிறேன்.

ஆட்டையாம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு கடலுக்குள் படம் எடுப்பதைப் பற்றிப் பேசுகிறோமே என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் தண்ணீருக்குள் கேமரா இறக்குவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போய் போர் போடுகின்றன. போரில் தண்ணீர் குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? போர்வெல் கேமரா வைத்திருப்பவரை வரவழைக்கிறோம். ஒயரில் கட்டிய கேமரா உள்ளே போகிறது. எத்தனாவது அடியில் ஊற்று வருகிறது, கேசிங் பைப் எங்கே உடைந்திருக்கிறது என்று மேலே நின்று திரையில் பார்க்கிறோம்.

அந்தக் கேமராவில் இரண்டு விஷயங்களைக் கவனித்திருப்பீர்கள். லென்ஸைச் சுற்றி விளக்குகள் இருக்கும். அது பார்க்கும் பாறைச் சுவர் சில அங்குலத் தூரத்தில்தான் இருக்கும். தண்ணீருக்குள் நல்ல படம் கிடைப்பதற்கு அடிப்படையே இந்த இரண்டும்தான்: வெளிச்சம் வேண்டும், பக்கத்தில் போக வேண்டும். கேமரா வாங்கும்போதும் இதையே மனதில் வையுங்கள். மெகாபிக்சலுக்காகப் பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர் புகாத உறுதி, பக்கத்தில் போய் எடுக்கும் வசதி, வெளிச்சம் ஆகிய மூன்றுக்கும் கொடுங்கள்.

தண்ணீர் என்ன செய்கிறது?

முதலில், தண்ணீர் நிறத்தைத் தின்றுவிடும். சூரிய வெளிச்சத்தில் முதலில் போவது சிவப்பு. தெளிந்த கடலில்கூட ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். அடுத்து ஆரஞ்சு, அதற்கடுத்து மஞ்சள். கடைசியில் மிஞ்சுவது நீலமும் பச்சையும். அதனால்தான் கடலுக்குள் எடுத்த படம் எல்லாம் நீலமாக இருக்கிறது. இந்த இழப்பு ஆழத்தால் மட்டும் வருவதில்லை. மீனுக்கும் கேமராவுக்கும் இடையே இருக்கும் தண்ணீரும் நிறத்தை எடுத்துக்கொள்ளும். நீங்கள் இரண்டு அடி ஆழத்தில் இருந்தாலும், மீன் பதினைந்து அடி தள்ளி இருந்தால் படம் வெளுத்துத்தான் வரும்.

இரண்டாவது, தண்ணீர் தெளிவைக் குறைக்கும். தூசி, பாசி, மணல் எல்லாம் மிதந்துகொண்டிருக்கும். நம் பக்கத்துக் கிணறுகளில் பாசி காரணமாகத் தண்ணீர் பச்சையாக இருக்கும்; சில சமயம் கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத்தான் தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவும் கலங்கிய தண்ணீரைத் தாண்டிப் பார்க்காது.

மூன்றாவது, தண்ணீர் தூரத்தை ஏமாற்றும். ஒளி தண்ணீரிலிருந்து கண்ணாடிக்குள் வரும்போது வளைவதால், பொருள் உண்மையில் இருப்பதைவிடக் கால் பங்கு கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரியும். பக்கத்தில் வந்துவிட்டோம் என்று நினைத்து அழுத்துவோம்; இன்னும் தூரத்தில்தான் இருப்போம். ஆகவே போதும் என்று தோன்றிய இடத்திலிருந்து இன்னும் பாதித் தூரம் முன்னே போங்கள். ஜூமைத் தொடவே வேண்டாம். ஜூம் செய்தால் நடுவில் இருக்கும் கலங்கலும் சேர்ந்துதான் பெரிதாகும்.

எந்தப் படி, எவ்வளவு செலவு?

முதல் படி, செல்போனும் பிளாஸ்டிக் உறையும். உறை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நீச்சல் குளத்துக்கும் கரையோரத்துக்கும் இது போதும். ஆனால் உறைக்குள் போனை வைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். காகிதக் கைக்குட்டையை மடித்து உறைக்குள் போட்டுப் பூட்டி, பக்கெட் தண்ணீரில் அமிழ்த்தி, மேலே ஒரு பாத்திரத்தை வைத்து அரை மணி நேரம் விடுங்கள். காகிதம் காய்ந்திருந்தால்தான் போன். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் இதைச் செய்யுங்கள்; போன வருடம் தாங்கிய உறை இந்த வருடம் மடிப்பில் விட்டிருக்கும். தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது. மேலேயே வீடியோவை ஓடவிட்டு உள்ளே கொண்டுபோங்கள், அல்லது ஒலி கூட்டும் பட்டனால் படம் எடுங்கள்.

“என் போன் ஐபி68, உறையே தேவையில்லை” என்று சிலர் சொல்வீர்கள். ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68 என்றால் அதற்கு மேல், எவ்வளவு என்று கம்பெனி சொல்லும் அளவு. இரண்டுமே ஆடாத நல்ல தண்ணீரில் புதுப் போனை வைத்துப் பார்த்த சோதனைகள். அலையடிக்கும் உப்புத் தண்ணீருக்கு அவை உத்தரவாதம் அல்ல. ஒருமுறை கீழே விழுந்த போனுக்கும் அல்ல. வாரண்டித் தாளைப் படியுங்கள். தண்ணீர் புகுந்த சேதத்தைப் பெரும்பாலும் விலக்கி வைத்திருப்பார்கள்.

இரண்டாவது படி, ஆக்‌ஷன் கேமரா. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, அகலமாகப் பார்க்கும் லென்ஸ். கோப்ரோ ஹீரோ 11, 12, 13 பிளாக் மாடல்கள் கூடு இல்லாமலே 10 மீட்டர் தாங்கும். டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 என்றால் 18 மீட்டர், ஆக்‌ஷன் 5 புரோ என்றால் 20 மீட்டர். தனியாக விற்கும் கூட்டைப் போட்டால் இவை 60 மீட்டர் வரை போகும். மாடலையும் சலுகையையும் பொறுத்து இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் ரூபாய் வரை ஆகும். குடும்பம் நீந்துவது, மீன் கூட்டம், பவளப்பாறை, வீடியோ எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 4கே வீடியோவிலிருந்து ஒரு நொடியைப் பிரித்து எடுத்தாலே 8 மெகாபிக்சல் படம் கிடைக்கும். ஆல்பத்துக்கு அது தாராளம். இதன் குறை, மிகச் சிறிய பொருளை மிகக் கிட்டத்தில் எடுக்க முடியாது. ஓர் அடிக்குள் போனால் பெரும்பாலான மாடல்களில் படம் மங்கும்.

நாலைந்தாயிரம் ரூபாய் ஆக்‌ஷன் கேமராக்களும் கடையில் உண்டு. அவற்றில் கேமராவுக்குத் தண்ணீர் தாங்காது. உடன் வரும் கண்ணாடிக் கூடுதான் தாங்கும். அட்டையில் 4கே என்று இருந்தாலும் உள்ளே இருக்கும் சென்சார் அந்த அளவுக்குத் தராத மாடல்களும் உண்டு. பிள்ளைகள் பழகுவதற்கு வாங்கலாம். அந்தமான் போய் எடுக்க அதை நம்ப வேண்டாம்.

மூன்றாவது படி, தண்ணீர் தாங்கும் சிறு கேமரா. ஒலிம்பஸ் டஃப் டிஜி-6, அதற்குப் பின் 2023-ல் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வந்த டிஜி-7. இரண்டும் 15 மீட்டர் தாங்கும். லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் கிட்டத்தில் இருக்கும் பொருளையும் எடுக்கும். மீனின் கண், இறால், சிப்பி, பவளத்தின் சிறு வாய்கள் என்று எடுக்க ஆசைப்படுகிறவருக்கு இதுதான். விலை பொதுவாக ஆக்‌ஷன் கேமராவைவிட அதிகம். வருடத்தில் ஒருமுறை கடலுக்குப் போகிற குடும்பத்துக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

பழைய கேமரா வாங்கினால், அது தண்ணீர் தாங்கும் என்று விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேட்டரிக் கதவைத் திறந்து ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடிப்பு, நசுங்கல், வெள்ளை உப்புப் படிவு எதுவும் இருக்கக் கூடாது. லென்ஸ் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர்ந்த தடம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

எதை வாங்கினாலும் இரண்டு துணைப் பொருட்கள் அவசியம். ஒன்று, கேமராவை மிதக்கவைக்கும் கைப்பிடி அல்லது மிதவைப் பட்டை. கை நழுவினால் கேமரா அடிக்குப் போகாது. மற்றொன்று, தண்ணீர் தாங்கும் டார்ச். இரண்டு மூன்று அடிக்குள் இருக்கும் பொருள்மேல் டார்ச் அடித்தால் போன சிவப்பும் மஞ்சளும் திரும்பி வரும். சிவப்பு ஃபில்டர் வாங்கலாமா என்று கேட்பார்கள். தெளிந்த நீலக் கடலில், ஓரளவு ஆழத்தில், டார்ச் இல்லாமல் எடுக்கும்போது மட்டும் அது உதவும். மேலாக நீந்தி எடுப்பவருக்கு வீண் செலவு.

எடுக்கும் முறை

காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணிக்குள் எடுங்கள். சூரியன் உச்சியில் இருக்கும்போதுதான் வெளிச்சம் தண்ணீருக்குள் நன்றாக இறங்கும். சாய்ந்துவிட்டால் மேற்பரப்பிலேயே திருப்பி அடித்துவிடும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

கேமராவில் இருக்கும் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஃபிளாஷ் இருப்பதால் மிதக்கும் தூசி ஒவ்வொன்றும் பளிச்சிட்டு, படம் முழுக்கப் பனி பெய்ததுபோல வரும். டார்ச்சையும் நேராக அடிக்காமல் கையை நீட்டிப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள்.

மேலிருந்து கீழே பார்த்து எடுத்தால் மீன் தரையோடு கலந்துபோகும். மீனின் மட்டத்துக்கு இறங்கி, முடிந்தால் சற்றுக் கீழிருந்து மேலே பார்த்து எடுங்கள். மீனைத் துரத்தினால் அதன் வால்தான் கிடைக்கும். ஓர் இடத்தில் அசையாமல் மிதந்தால் அதுவே பக்கத்தில் வரும்.

‘அண்டர்வாட்டர்’ என்ற அமைப்பு கேமராவில் இருந்தால் அதை வையுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலியில் வெண்மைச் சமநிலையைக் கொஞ்சம் சூட்டின் பக்கம் தள்ளினால் நீலம் குறையும். ஆனால் அறவே போன நிறத்தைச் செயலி உண்டாக்காது. எடுக்கும்போதே பக்கத்தில் போயிருக்க வேண்டும்.

பராமரிப்பு

தண்ணீர் புகுவது பெரும்பாலும் ஒரு தலைமுடியால், ஒரு மணல் துகளால்தான். கதவின் ரப்பர் வளையத்தில் அது மாட்டிக்கொண்டால் போதும், வழி கிடைத்துவிடும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. முறுக்கு சாப்பிட்ட கையோடு பேட்டரி மாற்றாதீர்கள்! எண்ணெயும் அரிசி மாவுத் துகளும் வளையத்தில் ஒட்டிக்கொள்ளும். கதவைக் கரைக்கு வரும் முன்பே, படகிலோ மணலிலோ வைத்துத் திறக்கவும் கூடாது. காலையில் அறையிலேயே பேட்டரி, கார்டு போட்டுப் பூட்டிவிடுங்கள்.

கடலிலிருந்து வந்ததும் கதவைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் கால் மணி நேரமாவது ஊறவையுங்கள். பட்டன்களை உள்ளேயே நாலைந்து தடவை அழுத்திவிடுங்கள். இடுக்கில் இருக்கும் உப்பு கரையும். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்ச வேண்டாம். துண்டால் துடைத்து, நிழலில் காயவைத்து, அப்புறம் திறங்கள். காரின் டாஷ்போர்டில் வெயிலில் வைக்காதீர்கள். சூடான கேமராவைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளே பனி படரும்.

10 மீட்டர் தாங்கும் என்றால் கிணற்று மேட்டிலிருந்து கேமராவோடு குதிக்கலாம் என்று அர்த்தம் அல்ல. குதிக்கும் வேகத்தில் ஏற்படும் அழுத்தம் வேறு. அதேபோல் இந்தக் கேமரா எதையும் கயிற்றில் கட்டிப் போருக்குள் இறக்காதீர்கள். 10 மீட்டர் தண்ணீருக்கே அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. சில நூறு அடிக்கு அதற்கென்று செய்த கேமராதான் தாங்கும். அந்த வேலையைப் போர்வெல் கேமராக்காரரிடமே விடுங்கள்.

உயிர் முக்கியம்

பழகுவதற்கு முதலில் பக்கெட், பிறகு நீச்சல் குளம். கிணற்றில் எடுக்க ஆசைப்படும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர் மட்டும் இறங்க வேண்டும். மேலே ஒருவர் கயிறோடு நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் மோட்டார் மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கிணறுகளில் நீர்மூழ்கி மோட்டார் ஒயர் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நேரம் தெரியாது, மூச்சும் தெரியாது. பிள்ளைகள் தனியாகக் கேமராவோடு இறங்கவே கூடாது.

கடலில் முதல்முறை ஸ்கூபா போகிறவர் கையில் கேமரா வேண்டாம். மூச்சுவிடுவதையும் மிதப்பதையும் கற்றுக்கொள்ளும் நேரம் அது. உடன் வரும் பயிற்றுநரே எடுத்துத் தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

இன்னொன்று. நீச்சல் உடையில் இருக்கும் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் நம் குழுவில் போட வேண்டாம்.

கடலில் நம் கடமை

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவுகளில் இறங்கக் கூடாது. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. ஒரு துண்டுப் பவளத்தைக்கூட ஞாபகத்துக்கு என்று எடுத்துவரக் கூடாது. படத்துக்காகப் பவளத்தின்மேல் காலூன்றி நிற்காதீர்கள். அது கல் அல்ல, உயிர். வருடத்துக்குச் சில மில்லிமீட்டரோ சென்டிமீட்டரோதான் வளரும்.

2016-ல் கடல் சூடேறியபோது மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தினர் அப்பகுதியில் மூழ்கி ஆய்வு செய்துவருகிறார்கள். இதுபோன்ற ஆய்வில் தண்ணீருக்குள் எடுத்த படம் ஒரு சாட்சி. ஒரே இடத்தை வெவ்வேறு வருடங்களில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்தால் என்ன போயிற்று, என்ன மீண்டது என்று தெரியும்.

இலங்கையிலும் ஓர் உதாரணம் உண்டு. திருக்கோணமலையில் கோணேசர் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இடித்தார்கள். 1950-களில் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அந்தப் பாறையடியில் மூழ்கி, கடலுக்குள் கிடந்த செதுக்கிய கற்களையும் தூண்களையும் பார்த்தார்கள். 1957-ல் கிளார்க் எழுதிய ‘தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரோபேன்’ நூல் அதை வெளியுலகத்துக்குச் சொன்னது. அன்றைக்கு அது சிலருக்கே கிடைத்த வசதி. இன்றைக்கு ஒரு பள்ளி மாணவியின் கையிலும் அது இருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு யோசனை

வீட்டுக்கு ஒரு கேமரா வாங்கினால் வருடத்தில் நாலு நாள் உபயோகம், மீதி நாள் அலமாரியில். சங்கமே ஓர் ஆக்‌ஷன் கேமரா, ஒரு டார்ச், ஒரு நீளமான கம்பு வாங்கி அலுவலகத்தில் வைக்கலாம். பயணம் போகிறவர்கள் பதிவேட்டில் எழுதி, முன்பணம் கட்டி எடுத்துப்போகட்டும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பயணம் அல்ல, நம் சம்ப். சம்ப்பில் விரிசல் இருக்கிறதா, எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது, பந்து வால்வு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே ஒவ்வொரு முறையும் ஓர் ஆளை உள்ளே இறக்குகிறோம். மூடிய தொட்டிக்குள் காற்று குறைந்து மயங்கி விழுந்தவர்களையும், அவர்களைத் தூக்கப் போய் விழுந்தவர்களையும் பற்றிச் செய்தித்தாளில் படிக்காத வருடம் இல்லை. பார்ப்பதற்கு ஆள் இறங்க வேண்டியதில்லை. கம்பு நுனியில் கேமராவையும் டார்ச்சையும் கட்டி, மோட்டாரை அணைத்துவிட்டு, மேலே நின்றபடி உள்ளே விட்டு மூலை மூலையாக வீடியோ எடுக்கலாம். அதைக் கூட்டத்தில் எல்லோரும் பார்க்கலாம். கழுவ வேண்டிய தேவை இருந்தால் மட்டும், தண்ணீரை இறைத்து, காற்றோட்டம் கொடுத்து, முறையான பாதுகாப்போடு செய்யலாம். ஒரு கேமராவின் விலையில் ஓர் உயிருக்கு வரும் ஆபத்தைக் குறைக்கலாம் என்றால் அதற்குச் சங்கப் பணம் செலவாவதில் தவறில்லை.

இதை அடுத்த செயற்குழுவில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 

உரைக்குப் பின் கேட்கப்பட்ட கேள்விகள்

கேள்வி: கிணற்றுக்கும் கடலுக்கும் கொண்டுபோன கேமராவைக் குடிதண்ணீர் சம்ப்பில் விடலாமா?
பதில்: சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்தபின் விடலாம். கம்பையும் கயிற்றையும் சம்ப்புக்கென்று தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: தண்ணீர் புகுந்துவிட்டால் அரிசியில் போட்டு வைக்கலாமா?
பதில்: அரிசியால் பெரிய பயன் இல்லை, தூசிதான் உள்ளே போகும். உடனே அணைத்து, பேட்டரியையும் கார்டையும் கழற்றுங்கள். சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். உப்புத் தண்ணீர் என்றால் காயும் வரை காத்திருக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். உப்பு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: இந்த மே மாதமே ராமேஸ்வரம் போகிறோம். இப்போதைக்கு என்ன வாங்குவது, அண்ணா?
பதில்: உறை ஒன்று, மிதவைப் பட்டை ஒன்று. பக்கெட் சோதனையை மறக்காதீர்கள். மீதிப் பணத்தைப் பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்குக் கட்டுங்கள், தம்பி.